அளவும் பொறுதியும்



திருவிழாக் கடையிலே வளையல் வாங்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர், வந்தவரின் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘இரண்டு நாலு’ என்றோ, ‘இரண்டு ஆறு’ என்றோ சொல்லி ஒரு வளையலை எடுப்பார். ‘இரண்டு நாலு’ என்றால் என்ன பொருள்? வளையலின் உட்குறுக்களவு 2 அங்குலமும் ஓர் அங்குலத்தின் 16 பங்கில் 4 பங்கும் என்பது பொருள். அதனைத் தசமப் புள்ளி என்று எண்ணி 2.4 அங்குலம் என்று படித்தால் தவறாகிவிடும். உண்மை அளவு 2.25 அங்குலமே. ஓர் அளவு சிறியதானால் வளையல் கையில் ஏறாது. ஏற்ற முயன்றால் உடையும், கையையும் கிழிக்கும். ஓர் அளவு பெரியதானால் கையை வீசி நடக்கும்போது கழன்று விழும். ஆகவே வளையலுக்கும் கைக்கும் இடையே ஒரு பொருத்தம் வேண்டியிருக்கிறது. அந்தப் பொருத்தம் இறுக்கமாகவும் இருத்தலாகாது, தளர்ச்சியாகவும் இருத்தலாகாது. இந்தச் சிறு செய்தியே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் சாரமாகும்.

நம் முன்னோர் நுட்பமாக அளப்பதில் விருப்பம் கொண்டவர்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று தானியத்தை அளந்தார்கள். விரற்கடை, சாண், முழம் என்று நீளத்தை அளந்தார்கள். ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒரு பங்கை முந்திரி என்றார்கள். அந்த முந்திரியையும் 320 பங்காக்கிக் கீழ்முந்திரி என்று பெயரிட்டார்கள். அதாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய பின்னங்களுக்கு வாய்பாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மொழி நம்முடையது. ‘இம்மியளவும் பிசகக்கூடாது’ என்று இன்றும் பேசுகிறோம்.

ஆனால் இம்மியளவும் பிசகாமல் ஒரு பொருளைச் செய்ய முடியுமா? முடியாது என்பதே தொழில் கற்றவர் சொல்லும் முதற்பாடம். 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் இரும்பு அச்சைக் கடைந்து தரச் சொன்னால், எவ்வளவு தேர்ந்த கடைசற்காரரானாலும் மிகச் சரியாக 20 மில்லிமீட்டர் செய்ய இயலாது. 20.003 இருக்கலாம், 19.996 இருக்கலாம். அளவியின் நுட்பம் கூடக்கூட வேறுபாடு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகையால் அறிவுள்ள பொறியாளர், ‘20 மில்லிமீட்டர் செய்’ என்று மட்டும் சொல்லமாட்டார். ‘19.99-க்குக் குறையாமலும் 20.01-க்கு மிகாமலும் செய்’ என்று சொல்லுவார். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விடப்பட்ட இடத்திற்குத்தான் பொறுதி என்று பெயர். பிழையைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை என்பதனால் அப்பெயர் பொருத்தமானதே. பொறுதி என்பது கவனக்குறைவுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியன்று. இவ்வளவு வரை பொறுப்பேன், இதற்குமேல் ஓர் அணுவும் பொறுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒப்பந்தம் அது.

அந்த அச்சு ஒரு துளையில் சுழல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துளையின் அளவு 20.02-க்கும் 20.04-க்கும் இடையே இருக்கட்டும். மிகப் பெரிய அச்சும் மிகச் சிறிய துளையும் சேர்ந்தால் இடைவெளி 0.01 மில்லிமீட்டர். மிகச் சிறிய அச்சும் மிகப் பெரிய துளையும் சேர்ந்தால் 0.05 மில்லிமீட்டர். ஆக, குவியலிலிருந்து எந்த அச்சை எடுத்து எந்தத் துளையில் நுழைத்தாலும் அது சுழலும். தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த வாணிகம் முழுவதும் ஒரு மயிரிழைக்குள்ளேயே நடந்து முடிகிறது.

இவ்வளவு நுட்பத்தை எதனால் அளப்பது? பள்ளி ஆய்வுக்கூடத்தில் உங்கள் கையில் கொடுக்கப்படும் இரண்டு கருவிகளே இதற்கு அடிப்படை. ஒன்று வெர்னியர் அளவி. பியேர் வெர்னியர் என்ற அறிஞர் 1631-ஆம் ஆண்டில் அதன் தத்துவத்தை நூலாக வெளியிட்டார். இன்றைய அளவியில் 9 மில்லிமீட்டர் நீளத்தை 10 பங்காக்கி, அதனை முதன்மைக் கோலின் ஓரமாக நகரவிடுகிறார்கள். ஒவ்வொரு பங்கும் ஒரு மில்லிமீட்டரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாதலால், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றுகிறது என்று பார்த்தே 0.1 மில்லிமீட்டரை அறிந்துகொள்ளலாம். இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கண்ணால் மதிப்பிடுவது அரிது. இரண்டு கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று காண்பது எளிது. மனிதக் கண்ணின் இந்த வல்லமையைக் கண்டுகொண்டதே வெர்னியரின் பெருமை.

மற்றொன்று திருகு அளவி. பாரிசு நகரத்து ழான் லோரான் பால்மர் 1848-இல் இதற்கு உரிமை பெற்றார். ஒரு திருகு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு மில்லிமீட்டர் முன்னேறுகிறது. அதன் தலையை 100 பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு சுற்றும்போது 0.01 மில்லிமீட்டர் முன்னேறும். காணமுடியாத நகர்ச்சியைக் காணக்கூடிய சுழற்சியாக மாற்றித் தரும் தந்திரம் இது.

இந்தத் திருகு அளவியைப் பற்றி என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் ஆவதற்கு முன், மலைமேலிருந்த ஒரு பள்ளியில் நான் பௌதிகம் கற்பித்துவந்தேன். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து எழுத வேண்டும். அந்தக் கம்பிக்கு விடை 1.22 மில்லிமீட்டர் என்று என் குறிப்பேட்டில் இருந்தது. நானே முன்பு ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டது அது. மாணவர்கள் அனைவரும் 1.22 என்றே எழுதியிருந்தார்கள். மேல்வகுப்பாரிடமிருந்து வழிவழியாக அந்த விடை அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது என்பது வேறு செய்தி. ஒரே ஒரு மாணவன் 1.18 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

அவன் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். அதிகம் பேசாதவன். மணி அடித்த பிறகு என் மேசையருகே வந்து நின்றான். “ஐயா, ஒன்றும் வைக்காதபோதே இது நாலு காட்டுகிறது. அந்த நாலைக் கழித்துத்தான் எழுதினேன்” என்றான். எனக்கு அவசரம். “எல்லோருக்கும் ஒன்றாக வருவது உனக்கு மட்டும் வேறாக வருமா? போய் ஒழுங்காக அளந்து வா” என்று அனுப்பிவிட்டேன்.

மாலையில் அறையைப் பூட்டுமுன் ஏதோ உறுத்தல் தோன்ற, அந்தத் திருகு அளவியை எடுத்து மெல்ல மூடிப்பார்த்தேன். தலைக்கோலின் சுழிக்கோடு நிற்கவேண்டிய இடத்தில் நான்காவது கோடு நின்றது. என்றோ கீழே விழுந்து அதன் சட்டம் சற்றே வளைந்திருக்கக்கூடும். பாடநூலில் சுழிப்பிழை என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே பிழை, என் கையிலேயே இருந்தது. அவன் எழுதிய 1.18-தான் சரி.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, “மூடிப்பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?” என்று கேட்டேன். அவன் சொன்ன விடை இது: “எங்கள் அம்மா கொழுந்து நிறுக்கும்போது, கூடையை மாட்டுமுன் தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள் ஐயா.”

அந்தச் சொல்லின் கனத்தை எண்ணிப்பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாளைக்கு மூன்று முறை நிறுவைக்கு வருகிறார் என்று கொள்வோம். தராசின் முள் சுழிக்கு அரைக் கிலோ கீழே நின்றால், ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ அவர் கணக்கிலிருந்து மறைகிறது. நாளைக்கு ஒன்றரைக் கிலோ. மாதத்தில் 25 நாள் வேலையானால் 37.5 கிலோ. மலைச்சரிவில் குனிந்து நிமிர்ந்து, அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து பறித்த கொழுந்து அது. நமக்குச் சுழிப்பிழை என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தத் தாய்க்கு அது அடுப்பில் வைக்கும் அரிசி. அந்த மகன் ஆய்வுக்கூடத்திற்கு வருமுன்பே அளவின் முதல் விதியைக் கற்றிருந்தான்: பொருளை அளக்குமுன் கருவியை அளந்துபார்.

இனி, நம் நீலகிரி மலை ரயிலிலே ஏறி, வழியிலுள்ள இடங்களில் இந்த விதி எவ்வாறு வேலை செய்கிறது என்று காண்போம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இந்தப் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகை வரை நீட்டப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமை. ஏறத்தாழ 12 அடி சென்றால் ஓரடி உயர வேண்டும். வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் அவ்வளவு ஏற்றத்தை ஏற இயலாது. ஆகவே ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறைப்படி, நடுவிலே பற்கள் வெட்டிய இரண்டு சட்டங்களைப் பதித்தார்கள். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி அவை மாற்றி அமைக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்வி ஏறுகின்றன. எந்த நொடியிலும் ஒரு பல்லாவது முழுப்பிடியில் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பல்லும் பள்ளமும் துளியும் இடைவெளியின்றி இறுகப் பொருந்தினால் இன்னும் பாதுகாப்பாக இருக்குமன்றோ? இராது. இடைவெளியே இல்லையானால் வெயிலில் இரும்பு விரியும்போது பல் பள்ளத்தில் இறங்காது. ஒரு சிறு கல்துகள் விழுந்தாலும் ஏறி நிற்கும். மசகெண்ணெய் நிற்பதற்கும் இடமிராது. இடைவெளி மிகுந்தாலோ, ஒவ்வொரு பல்லிலும் சக்கரம் மோதி அதிரும். பல் தேய்ந்து பிடி நழுவும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். அந்த அளவு காக்கப்படுகிறதா என்று சோதிக்கும் பணி ஓயாமல் நடந்தாக வேண்டும். பயணிகளாகிய நாம் சன்னல் வழியே பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் உயிரைத் தாங்குவது அந்தச் சிறு இடைவெளி.

குன்னூரைக் கடந்து வெல்லிங்டனுக்கு அடுத்த நிலையம் அரவங்காடு. இங்கேதான் 1900-களின் தொடக்கத்தில் வெள்ளையர் ஆட்சி கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. அதற்கு மின்சாரம் தருவதற்காகக் காட்டேரி அருவியில் அமைத்த நிலையம், இந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்று. நம் நாடு விடுதலை பெற்றபின் அது நம் படைக்கலத் தொழிற்சாலைகளுள் ஒன்றாக விளங்கியது. 2021-இல் நடந்த மாற்றத்தின்படி மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது.

கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து. 1889-இல் ஃபிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டிவார் என்னும் இருவர் இங்கிலாந்தில் இதனைக் கண்டனர். இடியாப்ப மாவை அச்சில் பிழிவதுபோல இந்த மருந்தைப் பிழிந்து கயிறு கயிறாக எடுத்தார்கள். கயிறு என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்தது. இதில் வியப்பான செய்தி என்னவென்றால், மருந்தின் சேர்க்கையைப் போலவே கயிற்றின் பருமனும் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. கயிறு வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிப் படலம் படலமாக எரிகிறது. ஒரு மில்லிமீட்டர் கயிறு அரை மில்லிமீட்டர் ஆழம் எரிந்தால் தீர்ந்துவிடும், 0.9 மில்லிமீட்டர் கயிறு 0.45 மில்லிமீட்டரில் தீர்ந்துவிடும். கைத்துப்பாக்கிக்கு மெல்லிய கயிறு, பீரங்கிக்குப் பருத்த கயிறு என்று பிரித்தது இதனாலேயே.

பருமன் குறைந்தால் என்ன கேடு? துப்பாக்கியின் மருந்தறையில் எழும் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3,000 மடங்கு. மெல்லிய கயிறு விரைந்து எரிந்தால் அழுத்தம் விரைந்து ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் விரைந்து எரியும். ஒரு சிறு பிழை மற்றொரு பிழையைப் பெற்று வளர்க்கிறது. எல்லை கடந்தால் குழல் வெடித்து, ஏந்தியவன் கையையும் கண்ணையும் கொண்டுபோகும். பருமன் மிகுந்தாலோ, குண்டு குழலைவிட்டுப் போன பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். குண்டு குறிக்கு முன்பே விழும். பீரங்கிக் குண்டு முன்னே விழுந்தால் அங்கே நிற்பவர்கள் நம் வீரர்களாக இருக்கக்கூடும். ஆகவே மருந்துச் சாலையில் அளவி பிடிக்கும் தொழிலாளியின் கையில், தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு வீரனின் உயிர் இருக்கிறது.

மேல்நாடுகளில் இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பழகுவோர், சுட்ட தோட்டாவின் கூட்டை மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வழக்கமுண்டு. அவர்கள் மருந்தை நிறுப்பது கிரெயின் என்ற எடையில். ஒரு கிரெயின் நம் குன்றிமணியின் எடையில் ஏறக்குறையப் பாதி. விளையாட்டுக்காகச் செய்பவரும் அங்கே தராசைச் சரிபார்த்த பின்னரே மருந்தைத் தொடுகிறார். ஏனெனில் அங்கே பொறுதியை மீறியவனுக்குத் தண்டனை தருவது ஆசிரியரின் சிவப்பு மையன்று.

உண்மையில் பொறுதி என்னும் கருத்தே துப்பாக்கிச் சாலையில் பிறந்து வளர்ந்தது என்று கூறலாம். முற்காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கொல்லர் தனித்தனியே அரம்கொண்டு ராவிப் பொருத்துவார். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு உடைந்தால் துப்பாக்கியே பயனற்றுப்போகும். பிரான்சு நாட்டில் ஒனோரே பிளாங்க் என்பவர், உறுப்புகள் யாவும் ஒரே அளவாக அமையும்படி செய்தார். 1785-இல் அவர் பட்டறைக்கு அமெரிக்கத் தூதரான தாமஸ் ஜெபர்சன் வந்தார். குவித்துவைத்த உறுப்புகளைக் கைக்கு வந்தபடி எடுத்துத் தாமே பூட்டிப்பார்த்தார், எல்லாம் பொருந்தின. இன்று தையல் இயந்திரம், மிதிவண்டி, கைப்பேசி எதற்கும் மாற்று உறுப்பு கடையிலே கிடைக்கிறதென்றால் அன்று தொடங்கிய வழக்கமே காரணம்.

இலட்சக்கணக்கான உறுப்புகளைத் திருகு அளவியால் ஒவ்வொன்றாக அளக்க நேரமேது? அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். ஒரு கைப்பிடியின் ஒரு முனை ‘போகும்’ அளவி. மறுமுனை ‘போகா’ அளவி. துளையைச் சோதிக்கும்போது முதல் முனை உள்ளே போக வேண்டும், இரண்டாம் முனை போகக்கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது. இரண்டும் போகாவிட்டால் சிறிது. எண்ணைப் படிக்க வேண்டுவதில்லை. இது நல்லது, இது தள்ளுபடி என்று ஒரு நொடியில் தீர்ப்பாகிவிடும்.

அந்த அளவிகள் சரிதானா என்று யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சுவீடன் நாட்டு யோஹான்சன். எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1896-இல் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வெவ்வேறு கனமுள்ள 102 எஃகுக் கட்டைகளைத் தேர்ந்துசெய்தால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து 0.01 மில்லிமீட்டர் வேறுபாட்டில் 20,000 அளவுகளை உண்டாக்கலாம் என்று கணக்கிட்டார். வீட்டிலே மனைவியின் தையல் இயந்திரத்தையே தேய்ப்புப் பொறியாக மாற்றி அந்தக் கட்டைகளை மெருகிட்டார் என்பது வரலாறு. அவை அவ்வளவு தட்டையானவை. இரண்டைச் சேர்த்துத் தேய்த்தால் பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். உலகத் தொழிற்சாலைகளின் அளவிகள் அனைத்தும் அக்கட்டைகளின் வழியாகவே நாட்டின் மூலஅளவோடு உறவு கொண்டன. நம் நாட்டில் அந்த மூலஅளவுகளைப் போற்றிக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம்.

இங்கே நீலகிரி மாணவர்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. ஒரு பொருளின் நீளம் எவ்வளவு என்றால், எந்த வெப்பநிலையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11.5 பங்கு விரிகிறது. 15 பாகையுள்ள உதகையில் 100 மில்லிமீட்டர் இருந்த எஃகுத் துண்டு, 35 பாகையுள்ள மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் 0.023 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். மலையிறங்கும் பயணத்திலேயே பொறுதி முழுவதும் தீர்ந்துபோகும்! இதனாலேயே உலக நாடுகள் 1931-இல் கூடி, நீள அளவுகள் யாவும் 20 பாகை செல்சியசில் கொள்ளப்பட வேண்டும் என்று முடிவுசெய்தன.

இதனை அதற்கும் முன்பே உணர்ந்து நடந்தவர் வில்லியம் லாம்டன். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில், இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் அடிக்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். கையிலிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. ஏறத்தாழ 400 முறை அதனை நீட்டிவைக்க வேண்டும். வெப்பம் 10 பாகை மாறினால் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 400 முறை சேர்ந்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் பிழை. ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்கி, கூடார நிழலில் வைத்து, வெப்பமானியைப் படித்துப் படித்துத் திருத்தம் செய்தார். அந்தப் பொறுமையின் மேல்தான் இந்தியாவின் வரைபடம் நிற்கிறது.

அரவங்காட்டை விட்டால் கேத்தி. அந்தப் பள்ளத்தாக்கில் ஊசி செய்யும் தொழிற்சாலை உண்டு. உங்கள் வீட்டுத் தையல் இயந்திர ஊசியின் உறையைப் பாருங்கள். 90 என்றோ 100 என்றோ எண் இருக்கும். 90 என்றால் ஊசித்தண்டின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் 90 பங்கு. ஒரு சிறிய ஊசியே தன் அளவை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டுதான் கடைக்கு வருகிறது.

உதகைக்கு வந்துவிட்டோம். அருகிலுள்ள முத்தோரையில் 1970-இல் பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அமைத்த ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகை சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப்பிடித்து அதன்மேல் அமைத்தமையால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்து மீன்களைப் பல மணிநேரம் தொடரலாம்.

அதன் முகமோ கண்ணாடியன்று. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கம்பிகளுக்கிடையே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. காக்கை குருவியின் எச்சமும் மழையும் வெயிலும் அதன் வழியே இறங்கிவிடும். ஓட்டை நிறைந்த இந்த முகம் எப்படி ஆடியாகும்? அது ஏற்கும் ரேடியோ அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். அந்த நீண்ட அலைக்கு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி ஓர் ஓட்டையாகவே தோன்றுவதில்லை. இதே இடத்தில் பளபளக்கும் தகட்டைப் பரப்பியிருந்தால் செலவு பன்மடங்காகும். காற்று அதனைப் பிடித்துத் தள்ளும். அறிவியல் பயன் அதிகம் கூடாது. எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று அறிந்ததே அந்தப் பேராசிரியரின் திறம். தேவையற்ற நுட்பமும் ஒருவகை வீண்செலவே.

எதிர்மாறான ஒன்றையும் சொல்லுகிறேன். 1990-இல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் ஆடி, 2.4 மீட்டர் குறுக்களவுடையது. அதனை மிக மிக நுட்பமாகத் தேய்த்தார்கள். ஆனால் தேய்ப்பைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான், அதாவது மயிரிழையின் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. வந்த படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் வீரர்கள் விண்வெளிக்கே சென்று திருத்த வேண்டியதாயிற்று. இதில் நாம் நினைக்கவேண்டியது ஒன்று. வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியே இருந்தன. ‘பெரிய கருவி சரியென்கிறது, சிறிய கருவி சொல்வதை நம்ப வேண்டாம்’ என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நுட்பமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. கருவியே தவறினால், எத்தனை நுட்பமாக அளந்தாலும் ஒரே தவற்றையே திரும்பத் திரும்ப அடைவோம். என் வகுப்பில் எல்லோரும் 1.22 என்று ஒரே விடை எழுதியதும் அப்படிப்பட்டதே.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் நுழையும்போது மூன்றை மறவாதீர்கள். அளக்குமுன் கருவி சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருளை வேறுவேறு இடத்தில் பலமுறை அளந்து, வந்ததை வந்தபடியே எழுதுங்கள். விடை புத்தகத்தோடு ஒவ்வாவிட்டால், எண்ணை மாற்றாமல் காரணத்தைத் தேடுங்கள். மாற்றி எழுதும் பழக்கம் பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. அது நாளை மருந்துச் சாலைக்கும், பாலம் கட்டும் இடத்திற்கும், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கும் உங்களோடு வரும்.

அந்த மாணவனைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிக்கிறேன். மறுநாளே நான் அவனுடைய மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால், தவறு என்னுடையது என்று வகுப்பின் முன்னே சொல்லவில்லை. ஆசிரியரின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சினேன். மற்ற மாணவர்கள் 1.22 என்றே எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் படித்து முடித்து, ஒரு தொழிற்சாலையின் கருவிக்கூடத்தில் அளவிகளைச் சோதிக்கும் பணியில் அமர்ந்தான் என்று பின்னர் கேள்வியுற்றேன். பிழையைப் பொறுப்பதற்கு எல்லை உண்டு என்று ஆண்டுதோறும் கற்பித்த நான், என் பிழைக்கு மட்டும் எல்லை வகுக்காமல் விட்டேன். அன்று வகுப்பில் சொல்லாததை இன்று வானொலியில் சொல்கிறேன். அந்தக் கம்பியின் விட்டம் 1.18 மில்லிமீட்டர்.